ஒரு காலுக்கு மட்டும் மருந்து

நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கெங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் முழங்கால், அப்புறம் சர்க்கரை, அதற்கும் அப்புறம் மருமகள். போன வாரம் பூங்காவில் நடந்து முடித்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருத்தி என் கணுக்காலைப் பார்த்துவிட்டு, இதென்ன எள்ளைத் தூவினது மாதிரி கரும்புள்ளி, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டாள். காட்ட வேண்டியதில்லை. அது ஐம்பது வருஷத்துப் பழைய சங்கதி. அன்றைக்கே சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் யாருக்கோ மாத்திரை போடுகிற நேரம் வந்துவிட்டது. அதனால் எழுதியே விடுகிறேன். என் வாழ்நாளில் நான் கண்ணால் பார்த்த பெரிய ஜெயம் அதுதான். மின்சார அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தபோது எனக்கு மாலை போட்டு காரில் கொண்டுவந்து விட்டார்கள். அதெல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற சாலையில் இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். நிலத்தில் பாதிக்கு மேல் பண்ணையாருடையது. அப்பா அவரிடம் ஏர் ஓட்டினார், பண்ணை மாடுகளும் அவர் பொறுப்பு. அம்மா நடவாட்களுக்குத் தலைவி. முப்பத்தைந்து பெண்கள் அம்மா சொன்னால் வயலில் இறங்குவார்கள், அம்மா சொன்னால் கரையேறுவார்கள். தலைவி என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் முன்னால் குனிய வேண்டும், எல்லாருக்கும் பின்னால் நிமிர வேண்டும், யாருக்கு என்ன குறை என்றாலும் பண்ணையார் முன்னால் போய் நின்று வாயைத் திறக்க வேண்டும். அந்த மூன்றாவது வேலை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பாவுக்கு அறவே பிடிக்காது. எங்கள் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. ஆற்றில் தண்ணீர் பிந்திவிட்டது. சம்பாவுக்கு விதை விடும் நாள் வந்தும் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அதனால் குட்டைக்குப் பக்கத்திலேயே நாற்றங்கால் போட்டு, குட்டைத் தண்ணீரை இறைத்து நாற்று வளர்த்தார்கள். நாலு வருஷமாகவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. குட்டை பண்ணையாருடைய அப்பா வெட்டியது. சுற்றிலும் தென்னை, ஒரு பக்கம் கருங்கல் படி, மற்ற மூன்று பக்கமும் கோரையும் ஆகாயத்தாமரையும். பண்ணையாருக்கு அதன்மேல் தனிப் பெருமை. தான் நீச்சல் பழகின குட்டை என்று ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

நாற்றுப் பறிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிப்பேர் டவுனில் பிறந்தவர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். விடிந்ததும் கெண்டைக்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிக் குனிய வேண்டும். இரண்டு கையாலும் நாற்றை வேரோடு பிடுங்கி, சேறு போக அலசி, ஒரு பிடியை இன்னொரு நாற்றாலேயே கட்டினால் அது ஒரு முடி. என்னைப் போன்ற பிள்ளைகள் அந்த முடிகளை வரப்புக்குத் தூக்கிப்போய் அடுக்குவோம். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் எங்களுக்கு இரண்டாம்பட்சம்தான். பச்சை நாற்றின் வாசனையும் சேற்று வாசனையும் சேர்ந்து வரும் பாருங்கள், அது எனக்கு இன்றைக்கும் சோறு வேகிற வாசனையைவிட உசத்தி.

ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு கொடுமை இருந்தது. இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்ப்பது மாதிரி சுருக்சுருக்கென்று குத்தும். கொஞ்சம் கழித்து நின்றுவிடும். சாயங்காலம் தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் காலில் சிவப்புப் புள்ளி கிளம்பும். மறுநாள் ஒவ்வொரு புள்ளியும் தடித்து, அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. பெண்கள் தேங்காய் நாரை எடுத்துத் தேய்ப்பார்கள். ரத்தம் வந்தால்தான் கொஞ்சம் அடங்கும். அப்புறம் அது புண்ணாகி, அந்தப் புண்ணோடு மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டும். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் காலைச் சொறிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் எதற்கும் ஒரே காரணம்தான். சூடு. கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, இந்த அரிப்பும் சூடு. வெயிலில் நாள் முழுக்கக் குனிந்திருப்பதால் சூடு காலுக்கு இறங்கிவிடுகிறதாம். அதற்கு வைத்தியம் குளிர்ச்சி. எனவே நாற்றுப் பறித்து முடித்ததும் மத்தியானத்தில் எல்லாப் பெண்களும் வரிசையாகக் குட்டைப் படியில் உட்கார்ந்து முழங்கால் வரைக்கும் தண்ணீரில் விட்டுக்கொள்வார்கள். அம்மாவின் உத்தரவு அது. எனக்கு அந்தப் பாசி வழுக்கும் படி பிடிக்காது. வரமாட்டேன் என்று அழுத ஒரு நாள் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

சூடு பெண்களுக்கு மட்டும் இல்லை. பண்ணையில் ஒரு ஜோடிக் காளை இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ சந்தையில் வாங்கி வந்த ஜோடி. கொம்புக்குப் பித்தளைக் குப்பி போட்டு, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அதில் நுகத்தின் இடப்பக்கம் பூட்டுகிற மாடு குறட்டை விடும். தூங்கும்போது இல்லை, ஏர் இழுக்கும்போது, வண்டியில் போகும்போது, வைக்கோல் தின்னும்போது. மூக்கில் எந்நேரமும் சளி ஒழுகும், சில நாள் ரத்தமும் கலந்திருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதன் பின்னாலேயே அதே மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு போவோம். அப்பா சாட்டையை ஓங்குவார். அந்த மாட்டின் மேல் அவருக்கு அவ்வளவு உயிர். அதற்கும் சூடுதான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகையால் தினமும் உச்சி வெயிலில் அப்பா அதைக் குட்டையில் இறக்கி நிறுத்தி, மூக்கில் தண்ணீரை வாரி வாரி அடிப்பார். அது பலமாக ஒரு தும்மல் போட்டு மூக்கிலிருந்ததையெல்லாம் தண்ணீரில் சிந்திவிடும். பத்தடி தள்ளி முப்பத்தைந்து பெண்கள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சூடு ஆற்றிக்கொண்டிருப்பார்கள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வருஷம் அரிப்பு அளவு மீறிப்போயிற்று. பறி ஆரம்பித்த மறுநாள் பாதிப்பேர் எழுந்து வரவில்லை. வந்தவர்களும் நிமிர்ந்து நிமிர்ந்து சொறிந்தார்கள். பண்ணையின் காரியஸ்தர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, இதெல்லாம் கூலியை ஏற்றுவதற்காக ஆடுகிற நாடகம் என்றார். அம்மா கையிலிருந்த முடியை அப்படியே தண்ணீரில் போட்டாள். கரையேறினாள். பின்னாலேயே எல்லாரும் ஏறினார்கள். இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிகிறவரை ஒருத்தியும் இறங்கமாட்டாள் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பண்ணையார் களத்துக்கு வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அமைதியாகத்தான் சொன்னார். நாற்று முற்றுகிறது, காத்திருக்க முடியாது, நாளை மறுநாள் காலையில் குடவாசல் பக்கத்திலிருந்து ஆட்கள் டிராக்டரில் வந்து இறங்குவார்கள், பறியும் அவர்களுக்கு, நடவும் அவர்களுக்கு, இந்த வருஷம் மட்டும் இல்லை இனிமேல் எப்போதுமே அவர்களுக்குத்தான் என்றார். உங்களுக்கு இதன் கனம் தெரியவேண்டும். சம்பா நடவு போனால் எங்கள் தெருவில் தை மாதம் வரை அடுப்பு எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியாது. அதைவிட அம்மாவைச் சுட்டது நாடகம் என்கிற வார்த்தைதான். அன்றைக்கு வீட்டில் அப்பா, உன் வாயால் முப்பத்தைந்து குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது என்று சொன்னார். அம்மா பதிலே சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன், பயந்துபோனேன்.

மறுநாள் காலையில் மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த, மீசை சரியாக முளைக்காத டாக்டர். முந்தின வாரம் வந்து காளையின் மூக்குச் சளியை ஒரு சின்னச் சீசாவில் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதைப் பார்த்ததில் விஷயம் தெரிந்துவிட்டது என்று அப்பாவிடம் கொட்டகையில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவுக்குப் பழையசோறு கொண்டு போயிருந்தாள், நானும் கூட இருந்தேன். மாட்டின் மூக்கு ரத்தக் குழாய்க்குள் புழு இருக்கிறது, அதனால் உள்ளே சதை பூக்கோசு மாதிரி வளர்ந்துவிட்டது, அதுதான் குறட்டை என்றார். புழுவின் முட்டை சளியோடு தண்ணீரில் விழுந்து பொரிக்கும். பொரிந்தது நத்தைக்குள் போய்ப் பெருகும். வெயில் ஏறினதும் நத்தையை விட்டு ஆயிரக்கணக்கில் வெளியே வந்து நீந்தும், தண்ணீரில் நிற்கிற மாட்டின் தோலைத் துளைத்து ஏறும். ஆகவே மாட்டை இனிமேல் குட்டையில் நிறுத்தாதீர்கள் என்றார்.

அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அது ஏறயில, மாட்டுக் காலு மனுசக் காலுன்னு பாத்து ஏறுமா சார்?"

டாக்டர் பேனாவை மூடினார். குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தார்.

"பாக்காதும்மா," என்றார். "ஆனா மனுஷங்க ஒடம்புல அது பொழைக்காது. தோலுக்குள்ள பூந்த எடத்துலயே செத்துப் போயிடும். அது சாவறதுதான் அரிப்பு."

வேறு ஊர்களில் வயலில் இறங்குகிறவர்களுக்கு இப்படி வருவதாகப் படித்திருக்கிறேன், ஆனால் இந்த ஊர் அரிப்பு அதுதான் என்று பார்க்காமல் சத்தியம் பண்ணமாட்டேன் என்றும் சொன்னார். அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அப்ப நாங்க பொய் சொல்லல என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். ஒரு கெட்ட சேதியைக் கேட்டு ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அப்புறம் திரும்பி என் காலைப் பார்த்தாள். படியில் அடித்து உட்கார வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

எந்த நத்தை என்று டாக்டர் கேட்டதற்கு நான்தான் பதில் சொன்னேன். நாங்கள் பிடித்து வேகவைத்துத் தின்கிற உருண்டை நத்தை வேறு. இது தட்டையாக, சுருட்டி வைத்த வால் மாதிரி, நகத்தளவு இருக்கும். ஆகாயத்தாமரை இலையைத் திருப்பினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தின்ன உதவாது, காசு வைத்து விளையாடுகிற மாதிரி அதை வைத்து விளையாடுவோம். ஓடிப்போய் ஒரு மிட்டாய்ப் பாட்டில் நிறையக் கொண்டுவந்தேன். சிவப்பு மூடி போட்ட தடிக் கண்ணாடிப் பாட்டில், கடைக்காரர் கொடுத்தது. என்னுடைய ஒரே சொத்து அது. பிற்பாடு எந்த வெள்ளத்தில் போயிற்றோ தெரியவில்லை. டாக்டர் தெளிந்த தண்ணீரை ஊற்றி அதை வெயிலில் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கறுப்புக் குடையைப் பின்னால் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னார். தண்ணீருக்குள் பொடிப்பொடியாக வெள்ளைத் தூசி. அந்தத் தூசி துடித்துத் துடித்து மேலே ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

டாக்டர் பண்ணையாரிடம் போய்ச் சொன்னார். பண்ணையார் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, நீங்கள் மாட்டைப் பாருங்கள் தம்பி, ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதும் அம்மா புறப்பட்டாள். பின்னால் பெண்கள் எல்லாரும். களத்தில் நெல் வியாபாரி, கோவில் குருக்கள், காரியஸ்தர் என்று நாலு பேர் இருக்கும்போதே போய் நின்றாள். அம்மா நேரம் பார்த்துத்தான் போயிருந்தாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அவள் கேட்டது இவ்வளவுதான். இரண்டு குண்டானில் தண்ணீர். ஒன்றில் குட்டைத் தண்ணீர், அதே நத்தையோடு. இன்னொன்றில் புதிதாக வந்திருக்கும் வாய்க்கால் தண்ணீர். ஐயா குண்டானுக்கொரு கால் விட்டுக்கொண்டு, நாங்கள் நாற்றுப் பறிக்கிற நேரம் வேண்டாம், அதில் பாதி நேரம் உட்கார வேண்டும். நாளைக் காலையில் இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தால் நானே போய் அந்த நாற்றங்காலைப் பறித்துக் கொடுத்துவிட்டு, தலைமையை விட்டுவிட்டு, ஊரை விட்டும் போய்விடுகிறேன். இல்லையென்றால் குட்டையை வடிக்க வேண்டும், நாற்றங்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் விட வேண்டும், நடவு எங்களுக்கு.

காரியஸ்தர் பாய்ந்து வந்தார். பண்ணையார் கையமர்த்தினார். நாலு பேர் முன்னால் அவரால் வேறென்ன செய்ய முடியும்? தவிரவும் அவருக்கு உண்மையிலேயே சிரிப்பாக இருந்தது.

"நான் நீச்சல் பழகுன குட்டையாக்கும். கொண்டாங்க பாப்போம்."

பண்ணை வீட்டுக் கல்யாணக் குண்டான்கள் இரண்டு வந்தன. நான் ஒரு முறம் நத்தை அள்ளிக்கொண்டு வந்தேன், எனக்கு முழங்கை வரைக்கும் குத்திக்கொண்டிருந்தது, அது பெருமையாகவும் இருந்தது. வெயிலில் நாற்காலி போட்டு, தலைக்குமேல் குடை பிடித்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வலது காலைக் குட்டைத் தண்ணீரிலும் இடது காலை வாய்க்கால் தண்ணீரிலும் விட்டுக்கொண்டு அவர் பேப்பர் படித்தார். ஊரே கூடிவிட்டது. நடுவில் ஒரு தடவை பேப்பரைத் தாழ்த்திவிட்டு வலது குண்டானைப் பார்த்தார். பிறகு மறுபடி படிக்க ஆரம்பித்தார். அம்மா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூன்று மணி நேரம் கழித்துக் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு காலும் சந்தனம் மாதிரி சுத்தமாக இருந்தன. காரியஸ்தர் சிரித்தார். அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

விடிந்தது. குடவாசல் ஆட்கள் டிராக்டரில் வந்து களத்தில் இறங்கிவிட்டார்கள். எங்கள் பெண்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். பண்ணையாரைக் காணோம். ஐயாவுக்கு ஜலதோஷம், வெளியே வரமாட்டார், பறியை ஆரம்பிக்கச் சொன்னார் என்று காரியஸ்தர் வந்து சொன்னார். அம்மா களத்தை விட்டு நகரவில்லை. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். குடவாசல் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நாற்றங்காலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது மாட்டுக் கொட்டகைப் பக்கமாகப் பண்ணை வீட்டம்மா வந்தார். பண்ணையாருடைய மனைவி. அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. முந்தின நாள் குண்டான் விளையாட்டை அவர் நம்பவும் இல்லை, கண்டுகொள்ளவும் இல்லை போலிருக்கிறது. முப்பத்தைந்து பெண்கள் காதில் விழுகிற மாதிரிதான் கேட்டார், பாவம், ரகசியம் பேசத் தெரியாத மனுஷி.

"ஏம்மா, அந்த அரிப்புக்கு என்னமோ பத்துப் போடுவீங்களாமே, வேப்பெல, மஞ்சள்னு. கொஞ்சம் அரைச்சுக் குடு. ராத்திரி பூரா தூங்கல அவரு."

"எவ்வளவும்மா அரைக்கட்டும்?" என்றாள் அம்மா. குரலில் ஒன்றுமே காட்டவில்லை.

"கொஞ்சம் போதும். ஒரு காலுக்கு மட்டுந்தான்."

நான் சொல்கிறேன், அப்படி ஒரு சத்தத்தை நீங்கள் எந்தத் திருவிழாவிலும் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் பெண்கள் குலவை போட்டார்கள். நாற்றங்காலுக்குள் கால் வைக்கப்போன குடவாசல் பெண்கள் விஷயம் என்ன என்று கேட்டு, கேட்டதும் அவர்களும் சேர்ந்து போட்டார்கள். பண்ணை வீட்டம்மாதான் ஒன்றும் புரியாமல் நின்றார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது அவளுக்கு. சத்தத்தைக் கேட்டுப் பண்ணையார் வெளியே வந்தார். அவராகவே வேட்டியைத் தூக்கினார். இடது கால் நேற்றுப் போலவே இருந்தது. வலது கால் குண்டான் மட்டம் வரை கோடு கிழித்தாற்போல் சிவந்து தடித்துப் போயிருந்தது. காரியஸ்தர் குடையை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பண்ணையார் குனிந்து தன் வலது காலைத் தடவிப் பார்த்தார்.

"இந்த அரிப்போடவா நாலு வருசம் பறிச்சீங்க?"

"ஆமாங்கய்யா. ரெண்டு கால்லயும்."

அவர் கெட்டவர் இல்லை. இத்தனை வயதான பிறகு என்னால் அதைச் சொல்ல முடிகிறது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு அதுவரை வரவில்லை, அவ்வளவுதான். வந்த பிறகு வார்த்தை தவறவில்லை. அன்றைக்கே நாற்றங்கால் தண்ணீரை வடித்து, நத்தையைப் பொறுக்கி, வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். டாக்டர் மறுபடி வந்து, குட்டைத் தண்ணீரை வயலில் விடாதீர்கள், வடிகாலில் விடுங்கள் என்று கூடவே நின்று செய்ய வைத்தார். குட்டையின் அடி வெடிக்கிற வரைக்கும் காயப்போட்டார்கள். நத்தையைக் கூடை கூடையாக வாரிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். பெண்கள் காலில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு இறங்கினார்கள். குடவாசல் ஆட்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அம்மா சொல்லி, பறியை இரண்டு கூட்டமும் சேர்ந்தே செய்தன. நடவு எங்களுடையது. அந்த நடவில் ஒருத்தியும் காலைச் சொறியவில்லை.

காளைக்கு வாரத்துக்கு ஓர் ஊசி போட்டார் டாக்டர். அப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பார். குளிப்பாட்டுவதெல்லாம் வாய்க்கால் தண்ணீரைக் குடத்தில் மொண்டு கரையில் வைத்துத்தான். ஐப்பசி வாக்கில் ஒருநாள் அது வண்டியில் எங்கள் தெரு வழியாகப் போனது, நாங்கள் பிள்ளைகள் வழக்கம்போலக் குறட்டை விட்டுக்கொண்டே பின்னால் ஓடினோம். எங்கள் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாடு அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டு போனது. அப்பா வண்டியை நிறுத்தி இறங்கி, அதன் மூக்கில் காதை வைத்துக் கேட்டார். அம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அன்றையிலிருந்து அம்மா பண்ணையாரிடம் எதற்காவது போனால், அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போவார்.

அடுத்த வருஷப் பறியின் முதல் நாள் அம்மா ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தாள். நாற்றங்கால் யாருடையதோ அவர் முதலில் இறங்கி ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் நிற்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெண்கள் இறங்குவார்கள். பண்ணையார் முறைத்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்ப் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பண்ணையாருக்குப் பிறகு அவர் மகன் இறங்கினார். ஒரு வருஷம் அவர் வெளியூரில் இருக்க, பண்ணை வீட்டம்மாவே பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நின்றார்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்துச் சில வருஷங்களுக்குப் பிறகு பண்ணையார் மகன் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போனார். அதில் ஒரு துண்டு அம்மா பெயருக்கு வந்தது. நாற்றங்கால் போட்டு முதல் பறி. நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அம்மாவுக்கு அப்போது முடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. காலையிலேயே எழுந்து, வருகிறவர்களுக்குக் காப்பி போட்டு, வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை வரப்பில் கொண்டுபோய் வைத்திருந்தாள். பெண்கள் வந்தார்கள். வரப்பில் வரிசையாக நின்றார்கள். யாரும் இறங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கவில்லை. என்னடி, காப்பி சரியில்லையா என்று கேட்டாள். அப்போது தலைவியாக இருந்தவள் என்னைவிடச் சின்னவள். அவள் சிரிக்காமல் சொன்னாள்.

"சட்டம் சட்டந்தான் அக்கா. நாத்தங்கா யாருதோ அவங்க மொதல்ல எறங்கணும்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நாற்று அவள் கெண்டைக்காலைச் சுற்றி அசைந்தது. ஒரு வெற்றிலை நேரம் ஆயிற்று, இரண்டு வெற்றிலை நேரமும் ஆயிற்று. போதும் அக்கா, ஏறுங்க என்று வரப்பிலிருந்து யாரோ சொன்னார்கள்.

"இருங்கடி, என்ன அவசரம்," என்றாள் அம்மா. "என் தண்ணியில நிக்கிறேன்."

அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.